இரண்டாம் வினாவுக்கான விடை

(பொலிவியா, கொச்சபம்பா போர்க் கல்லூரி, 1937)

கசப்புக் கிணறு காவலரண் மீது
மூன்றாம் கம்பெனி நடத்திய தாக்குதல் தோற்றது ஏன்?
போர்க் கோட்பாடுகள் கொண்டு விளக்குக.
இருபது மதிப்பெண்.

ஐயா,
தோற்ற கம்பெனி என்னுடையது.
இதை விடைத்தாளில் சொல்லக்கூடாதென்று
விதிமுறையில் எங்கும் இல்லை.

முதலில் புத்தகம் கேட்பது.
படையைக் குவித்தல்: இடப்பக்கம், இரண்டு பிளாட்டூன்.
எதிர்பாராத நேரம்: விடியுமுன், ஐந்து மணி பத்து நிமிடம்.
ஒரே கட்டளை: என் விசில்.
நீலப் பென்சிலால் வரைந்து காட்டியபோது
அழகாயிருக்கிறது என்றார் பட்டாலியன் தலைவர்.
அழகாகத்தான் இருந்தது.

வரைபடத்தில் சாக்கோ வெறும் வெள்ளை.
இறங்கி நின்றால்
முள், முள்ளுக்குப் பின்னால் முள்,
பத்தடி தள்ளி நிற்பவன் முகம் தெரியாது.
என் ஆட்கள் மேட்டுநிலத்துப் பிள்ளைகள்.
மரத்தை ஒற்றையாகவே பார்த்து வளர்ந்தவர்கள்.
திக்கோனா கேட்டான்:
"லெப்டினன்ட், இந்தக் காட்டுக்கு வானம் எந்தப் பக்கம்?"

தண்ணீர் லாரி நான்கு மணிக்கு வரவேண்டும்.
ஓட்டுநர் ஹசிந்தோ பராதா ஆறு மணிக்கு வந்தான்,
நடந்து.
முந்தின இரவு யாரோ ரேடியேட்டரைத் திறந்து
துருவும் எண்ணெயும் கலந்த தண்ணீரைக் குடித்திருக்கிறார்கள்.
பாதி வழியில் இன்ஜின் வெந்து நின்றது.

நூல் இதை உராய்வு என்கிறது.
நல்ல சொல். அன்று அது என் தலைக்குள் இருந்தது.
நாக்கோ அண்ணத்தில் ஒட்டிக் கிடந்தது.
உதடு வெடித்திருந்தது.
ஊதினேன்,
காற்று மட்டும் வந்தது.

அருகிலிருந்த இடப்பக்கம் புரிந்துகொண்டு எழுந்தது.
வலப்பக்கம் காத்திருந்தது,
கேட்காத விசிலுக்கு.
பதினோரு நிமிடம்.
முப்பத்து நான்கு பேர்.

திக்கோனா முள்கம்பியில் கிடந்தான்.
கையில் துப்பாக்கி இல்லை, சுரைக்குடுக்கை.
அவன் ஓடியது எதிரியை நோக்கியல்ல,
கிணற்றை நோக்கி.
வரைபடத்தில் இரண்டும் ஒரே அம்பு.

இனி, வினாவில் கேட்கப்படாதது.
பத்தொன்பது நாள் கழித்து, சற்றே வடக்கில்,
அதே திட்டத்தை வைத்து
கேப்டன் உர்கிதி வென்றார்.
முந்தின மாலை மழை பெய்திருந்தது.
பிடிபட்ட பராகுவேக்காரன் செஃபெரினோ ஒவெலார்
பிறகு சொன்னான்:
இயந்திரத் துப்பாக்கியை மூடிய தார்ப்பாயை உருவி
நான்கு மூலையும் கட்டி மழை பிடித்தானாம்.
ராத்திரி முழுக்கக் குடித்தானாம்.
நனைந்த தோட்டாப் பட்டை உப்பி
மூன்றாவது சுற்றில் சிக்கிக்கொண்டது.
எங்கள் அறிக்கை அதற்கு வைத்த பெயர்
"திடீர்த் தாக்குதலின் பயன்."
பதக்கமும் உண்டு.

ஏட்டுச் சுரைக்காய் என்று பழிக்க வரவில்லை, ஐயா.
பெயர்கள் இல்லையென்றால்
முப்பத்து நான்கு பேரையும்
விதி என்ற ஒரே குழியில் தள்ளி மூடியிருப்பேன்.
உராய்வு என்ற சொல்தான்
என்னை லாரி வரைக்கும் திருப்பி நடத்தியது.
மூடியைத் திறந்தவன் யாரென்று கேட்கச் சொன்னது.
கேட்டேன். எவனும் வாய் திறக்கவில்லை.
அவன் ஏன் திறந்தான் என்று அடுத்துக் கேட்டது.

அதற்கு விடை எனக்குத் தெரியும்.
தாக்குதல் நாளுக்காகச் சேமிக்க
முந்தின இரண்டு நாளும் தண்ணீர்ப் பங்கைப்
பாதியாக்கியவன் நான்.
குவித்தல்:
அத்தியாயம் மூன்று, முதல் பத்தி.

நூற்றுப் பன்னிரண்டு பேர், ஆளுக்கு அரை லிட்டர்.
ஓரத்தில் கணக்கு போட்டிருக்கிறேன்,
அடித்திருக்கிறேன், மீண்டும் போட்டிருக்கிறேன்.
தயவுசெய்து அதைத் திருத்த வேண்டாம்.

தேர்வறையில் மேசைக்கு ஒரு கண்ணாடிக் கூஜா
நிறைத்து வைத்திருக்கிறார்கள்.
மூன்று மணி நேரமாகிறது.
சாக்கோவிலிருந்து வந்தவர்கள் நாங்கள் ஒன்பது பேர்.
ஒருவரும் தொடவில்லை.