அட்டைக்கு உப்பு

மாசி முடிய இன்னும் ஒன்பது நாள்.
மவுசாக்கலை இறங்கி இறங்கி
முழுகிப்போன கோயிலின் தூண் வெளியே தெரிகிறது.
அட்டனிலிருந்து ஆட்கள் வேன் பிடித்து வந்து
படம் எடுத்துப் போகிறார்கள்.

எங்கள் லயத்துப் பீலியில்
விடிய நாலே முக்காலுக்கு வரும் தண்ணீர்
ஐந்தரைக்கு நின்றுவிடும்.
ரொசலின் அக்காவுக்கு மூன்று வாளி.
எங்களுக்கு மூன்று.
ஆறாம் காம்பராவில் பிள்ளை பிறந்திருப்பதால்
அவர்களுக்கு நாலு.
இதை யாரும் எழுதி ஒட்டவில்லை.

நான் லீவில் வந்தவள்.
வடக்கே, கடலோரத்தில்,
கடலைக் குடிதண்ணீராக்கும் ஆலையில்
இரவு ஷிப்ட், அழுத்தமானி பார்ப்பது என் வேலை.

"கடல நெசமாவே குடிக்கிறாங்களா?"
வரிசையில் எனக்கு முன்னால் நின்ற தவமணி.
குடிக்கிறார்கள் என்றேன்.
மணலில் வடித்து,
காற்றைப் போல் அறுபது மடங்கு அழுத்தி
தாளைவிட மெல்லிய ஒரு தோலுக்குள் தள்ளுவோம்.
தண்ணீர் அந்தப் பக்கம் போய்விடும்.
உப்பு இந்தப் பக்கமே நிற்கும்,
பிரட்டுக்குப் பிந்தி வந்தவளைப் போல.

சிரித்தார்கள்.

"அப்ப அந்த உப்ப என்னா செய்வீங்க?"
ரொசலின் அக்கா சிரிக்கவில்லை.
மழைநாளில் மலைக்கு ஏறும்போது
சீலை முந்தியில் ஒரு முடிச்சு உப்பு வைத்திருப்பாள்,
கெண்டைக்காலில் ஏறும் அட்டைக்கு.
ஒரு சிட்டிகை. சுருண்டு விழும்.
ரத்தம் நிற்கத்தான் நேரமாகும்.

கடலுக்கே திருப்பி விடுகிறோம் அக்கா.
ஒரு வாளி நல்ல தண்ணீருக்கு
ஒன்றரை வாளி கரிப்பு.
முதல் வருஷம் கரையோடு விட்டோம்.
மீன்பிடிக்கிற சனங்கள் வலையோடு வந்து
வாசலில் உட்கார்ந்துவிட்டார்கள், பதினொரு நாள்.
அதற்குப் பிறகுதான் குழாய் ஆழத்துக்கு நீண்டது,
பல வாயாகப் பிரிந்தது.
சொல்லும்போது வெட்கமாக இருந்தது.
குழாயை நீட்டாமல் விட்டது நானில்லை, ஆனாலும்.

கிங்ஸ்லி ஃபாக்டரியில் மோட்டர் பார்ப்பவன்.
அவன் கேட்டதுதான் கேள்வி:
"எவ்வளவு கரண்டு புடிக்கும்?"
ஆயிரம் லீட்டருக்கு நாலு யூனிட்.
கூரை முழுக்கச் சூரியத் தகடு,
மணல்மேட்டில் காற்றாடி இரண்டு.
"ராவுக்கு?"

ராவுக்கு
காற்று விழுந்துவிட்டால்
இங்கேயிருந்துதான்.

இந்த ஓடைகள் அணைக்குள் கூடி
சுரங்கத்தில் விழுந்து
சக்கரம் சுற்றி
ஈரத்தை அங்கேயே விட்டுவிட்டு
கம்பியில் ஏறி
இருநூறு மைல் வந்து
என் பம்பைத் தள்ளி
கடலுக்குள்ளிருந்து மறுபடி
தண்ணீராக வெளியே வருகிறது.
கம்பி நம் லயத்துக்கு மேலேதான் போகிறது.
பனிநாளில் அது முனகுவதைக் கேட்டுத்தான்
நான் சோதனைக்குப் படித்தேன்.

கிங்ஸ்லி மேலே பார்த்தான்.
வாளி நிரம்பி வழிந்தது.
தவமணி ஓடிவந்து மாற்றினாள்.

இதைக் குற்றமாகச் சொல்லவில்லை நான்.
ஞானமலர் என்று ஒருத்தி இருக்கிறாள் அங்கே.
கிணறு உப்பாகி
பதினாறு வருஷம் பவுசர் பார்த்து நின்றவள்.
வீட்டுக் குழாய் திறந்த அன்று
ஒரு மிடறு குடித்துவிட்டு,
"ருசி ஒண்டும் இல்லையே தங்கச்சி" என்றாள்.
சுண்ணாம்புக்கல் சேர்த்திருந்தோம், போதவில்லை போலும்.
பிறகு குழாயை மூடவே மறந்து
பேரனைக் குளிப்பாட்டினாள்,
தலையில், முதுகில், திரும்பவும் தலையில்.
அன்றைக்கு அழுத்தமானி கொஞ்சம் இறங்கியிருக்கும்.
இறங்கட்டும்.

ஐந்து இருபத்தைந்துக்கே பீலி இருமியது.
என் மூன்றாவது வாளி முக்கால்.
ரொசலின் அக்கா தன்னுடையதில் கொஞ்சம் சாய்த்தாள்,
கேட்காமல்,
என் முகத்தையும் பார்க்காமல்.

"அடுத்த லீவுக்கு
அந்தக் கரிப்புல ஒரு போத்தல் கொண்டா பிள்ள.
அட்டைக்கு ஆகுமான்னு பாப்பம்."

கொண்டுவருகிறேன் என்றேன்.
அட்டை வர
முதலில் மழை வர வேண்டும்.