காலிப் பணியிட விவரம்

பென்னாகரம் வட்டாரக் கல்வி அலுவலகத்தில்
மூன்று மாதத்துக்கு ஒருமுறை
இந்த அட்டவணை என் மேசைக்கு வரும்.
கணக்கு ஆசிரியர், ஏரியூர்: வேகன்ட்.
இரவுக் காவலர், நெருப்பூர்: வேகன்ட்.
பதினோரு வருடமாக எழுதுகிறேன்.
ஸ்பெல்லிங்கில் ஒருநாளும் இடறியதில்லை.

தர்மபுரி பெரியாஸ்பத்திரியில்
தம்பி முனிரத்தினத்தின் ஃபைலை
டாக்டரம்மா மூடாமல் விட்டுப்போனபோது
தலைகீழாகப் படித்தேன்.
பார்வை என்ற சொல்லுக்கு முன்னால்
என் ஆபீஸ் சொல்.

தொப்பூர் இறக்கத்தில் லாரி கவிழ்ந்து
நாற்பத்திரண்டு நாள்.
எலும்பெல்லாம் கூடிவிட்டது.
நான் உள்ளே போனால் அவன் கண்
என்னைத் தாண்டி ஜன்னலுக்குப் போகிறது,
ஜன்னலைத் தாண்டி எங்கும் போவதில்லை.

வெறும் என்றால் எனக்குத் தெரியும்.
வெறும் வயிற்றில் ஒன்று என்று
மாத்திரைக் கவரிலேயே எழுதித் தருகிறார்கள்.
வெறும் கை, வெறும் பேச்சு, வெறும்பயல்,
அதில் எப்போதும் கொஞ்சம் இளக்காரம்.
காலி என்றாலோ
சிலிண்டர் காலி, பர்ஸ் காலி, ஆளே காலி;
கையை உதறிவிட்டுப் போய்க்கொண்டே இருக்கலாம்.

எங்கள் ஆபீசில் வேகன்ட் அப்படியில்லை.
பணியிடம் இருக்கிறது.
அரசாணை எண் இருக்கிறது.
சம்பளத் தலைப்பு இருக்கிறது.
நாற்காலியைத் துடைத்துத்தான் வைத்திருக்கிறோம்.
ஆள்தான் இல்லை.
இடமே போய்விட்டால் அதற்கு வேறு சொல்:
ரத்து.
டாக்டரம்மா அதை எழுதவில்லை.
ஃபைலை நேராகத் திருப்பி
இன்னொருமுறை பார்த்தேன். எழுதவில்லை.

அடுத்த கலம், எந்தத் தேதி முதல்.
அதற்கடுத்தது காரணம்:
ஓய்வு, பதவி உயர்வு, இறப்பு, மாறுதல்.
மனசுக்குள் மாறுதல் என்று நிரப்பினேன்.
எந்த ஊருக்கு என்று எழுத
எங்கள் படிவத்தில் இடம் கிடையாது.

டிஸ்சார்ஜ் ஆன அன்று
பென்னாகரம் பஸ்ஸில் அவனை
ஜன்னலோரம் உட்காரவைத்துவிட்டு
தண்ணீர் பாட்டில் வாங்க இறங்கினேன்.
கடைக்காரன் ஐந்நூறுக்குச் சில்லறை தேடி
நேரமாக்கிவிட்டான்.
ஏறிப் பார்த்தால் படிவரை கூட்டம்.
மடியில் கோழிக்குஞ்சுப் பெட்டியோடு நின்ற ஒருத்தர்,
இல்லை, மடியேது, நின்றுகொண்டுதானே இருந்தார்,
இடுப்பில் பெட்டியோடு நின்ற ஒருத்தர்
என் சீட்டைக் காட்டி அவனைக் கேட்கிறார்:
"ஏம்ப்பா, இது காலியா?"
பதில் இல்லை.
இன்னும் சத்தமாகக் கேட்கிறார்.

அவன் ஜன்னலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான்.
கை மட்டும்
தோளில் கிடந்த துண்டை மெதுவாக இழுத்து
பக்கத்து சீட்டில் போட்டது.