புள்ளிக்கோடு

பன்றித்தொடையை வாங்கிக்கொண்டேன்.
அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

வருஷம் ஆயிரத்துத் தொள்ளாயிரத்துப் பதிமூன்று. அயோவா.
மோட்டார் சங்கத்தின் மூன்றாம் மாடியில்
கோடு கிழிப்பது என் உத்தியோகம்.
நல்ல பாதைக்கு இரட்டைக் கோடு,
மழையில் களியாகும் பாதைக்கு ஒற்றைக் கோடு.
இல்லாத பாதைக்கு ஒன்றும் கிடையாது.

வழி பார்த்து வருகிறவன் எனோ உக்கேனா.
முன்சக்கரத்தில் மைல்மானியைக் கட்டிக்கொண்டு போவான்,
சேறு அப்பிய நோட்டோடு வருவான்:
"4.2 வெள்ளைக் களஞ்சியம், இடப்பக்கம் திரும்பு.
6.9 மின்னல் தின்ற எல்ம் மரம், நேரே போ.
7.0 நாய். நிற்காதே."
நாயையும் அச்சில் ஏற்றினோம்.
அடுத்த வசந்தத்தில் யாரோ
களஞ்சியத்துக்குச் சிவப்புப் பூசிவிட,
பதினேழு கார்கள்
கல்லறைத் தோட்டத்து வாசலில் போய்
ஹாரன் அடித்தன.

நியூ லீர் ஊரின் வங்கிக்காரர் ஃபோல்கெர்ட்ஸ்
படியேறி வந்தார், கையில் துணி சுற்றிய பொட்டலம்.
"எங்கள் ஊரிலிருந்து காஸ்க் ஓடை வரை
பதினோரு மைல். ஒரு கோடு."
"அங்கே ரோடு இல்லையே."
"வந்துவிடும்."
புள்ளி வைத்தேன். புள்ளிதான் வைத்தேன்,
சத்தியமாக.
மலிவு மை, மலிவுக் காகிதம்;
அச்சகத்தில் புள்ளிகள் ஊறிக் கைகோத்துக்கொண்டன.

அந்தப் பதினோரு மைலின் நடுவில்
க்ரெட்யே அபஸ் என்பவளின் ஓட்ஸ் வயல்.
முதலில் வந்தவர் ஒரு பல் வைத்தியர்,
சிகாகோவிலிருந்து, தூசிக் கண்ணாடி போட்டுக்கொண்டு.
"இங்கே ரோடு இருக்கிறது" என்றார்,
காகிதத்தைக் காட்டி.
"இங்கே ஓட்ஸ் இருக்கிறது" என்றாள்,
ஓட்ஸைக் காட்டி.

காகிதம் ஜெயித்தது.
ஆகஸ்ட் முடிவதற்குள் நாற்பத்தொரு கார்.
வேலியில் ஒரு கதவு வைத்தாள்;
திறந்து திறந்து கை ஓய்ந்து
கதவைக் கழற்றிப் போட்டாள்.
பிறகு இரண்டு கோவேறு கழுதைகள்:
சேற்றிலிருந்து இழுத்துவிட ஐம்பது செண்ட்,
மழை நாளில் ஒரு டாலர்.
ராத்திரியில் குழிக்குத் தண்ணீர் ஊற்றினாள்
என்றொரு பேச்சு.
நான் நம்புகிறேன்.

கோடு போட்டால் ரோடு போடுகிற ஆட்கள் உண்டு என்பார்கள்.
இங்கே ஆளே இல்லை.
கோடுதான் போட்டது.

அவளிடமிருந்து ஒரு கடிதம் வந்தது.
வசவு இருக்கும் என்று
ஜன்னலோரம் போய்ப் பிரித்தேன்.
"உங்கள் கோடு என் பீன்ஸ் பாத்தியில் போகிறது.
நாற்பது கஜம் வடக்கே தள்ளுங்கள்.
அங்கே தரை கெட்டி."
சுரண்டுகத்தியால் பழைய மையை உரித்து
மயிரிழை நகர்த்தினேன்.
அடுத்த பதிப்பு வந்த வாரமே
கார்கள் வடக்கே ஒதுங்கிப் போயினவாம்.
அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை.

பிறகு கவுண்டி வந்தது,
சங்கிலி, கொடிக்கம்பு, சரளைக்கல் வண்டிகள்.
சமதரையில் இந்த வளைவு எதற்கு என்று
இன்ஜினியர் கேட்டாராம்.
யாரும் வாய் திறக்கவில்லை.
வளைவுக்கும் சரளை கொட்டினார்கள்.
பின்னால் கம்பத்துக்குக் கம்பம் எண் பலகை.
வழிப்புத்தகம் மெலிந்தது.
களஞ்சியம் போயிற்று, எல்ம் போயிற்று,
ஏழாவது மைலின் நாய்
ஒரு பதிப்பு கூடுதலாகத் தாக்குப்பிடித்தது.

ஒரு செவ்வாய்க்கிழமை கவுண்ட்டரில் ஒருத்தி,
தொப்பியில் தூசி, சொந்தக் கார் வாசலில்,
இன்னும் உறுமிக்கொண்டு.
புதுப்படம் ஒன்று கேட்டாள்.
விரித்து, விரலால் தேடி,
வளைவில் நிறுத்தினாள்.
பெயர் சொல்லவில்லை. தேவைப்படவுமில்லை.

பதினைந்து செண்டை எண்ணி வைத்தாள்.
படத்தை மடித்தாள், தப்பாக,
எல்லோரும் மடிப்பது போலத்தான்.
வாசல்வரை போனவள் திரும்பி,
"தொடை நன்றாயிருந்ததா?" என்றாள்.
"ஃபோல்கெர்ட்ஸுக்கு அந்தப் பன்றியை
விற்றவள் நான்."