பசியாறியாச்சா?

கோலக் கெட்டில் செம்பனை ஆலையில்
நான் எடைமேடைக் கிராணி.
குலை நிறைந்து வரும் லோரியை ஒரு தடவை,
கொட்டிவிட்டுத் திரும்பும் லோரியை ஒரு தடவை
நிறுத்து எழுதுவேன்.
நிறையிலிருந்து வெறுமையைக் கழித்தால்
மிஞ்சுவதுதான் கணக்கு.
பதினோரு வருஷத்தில் ஒரு சீட்டும் தப்பியதில்லை.

காலையில் கேட்டில் நுழைகிற எல்லாரும்
என் சன்னலைத் தட்டிக் கேட்பார்கள்:
பசியாறியாச்சா?
ஆச்சு, என்பேன்.
ஊர் வழக்கம். பதிலை யாரும்
நிறுத்துப் பார்ப்பதில்லை.

பகலெல்லாம் பட்டினி. அதில் ஒரு பெருமைகூட.
இரவு, வீடு அடங்கிய பின்,
பிரிட்ஜ் வெளிச்சத்தில் நின்றபடி
சோறு, மிச்சக் குழம்பு, மகனின் பிஸ்கட் டின்,
விடிந்தால் வேண்டுமென்று வாங்கிய ரொட்டி.
ருசி தெரியாது. கை என் கையாக இருக்காது.
பிறகு குளியலறைக் கதவு.
பிறகு நானும் ஒரு வெறும் லோரி.
ஒரு நிமிஷம், ஒரே ஒரு நிமிஷம்
மழை விட்ட மாதிரி இருக்கும்.
அப்புறம் வெட்கம் வந்து
என் பாயில் எனக்கு முன்னால் படுத்துக்கொள்ளும்.

உடம்பைப் பார்த்து யாருக்கும் தெரியாது.
ஒல்லியில்லை, குண்டில்லை;
கல்யாண வீடுகளில் கன்னம் கிள்ளி
'நல்லா இருக்கே' என்று சொல்ல வைக்கும் உடம்பு.
காலியான பிஸ்கட் டின்னுக்கு
ஞானசேகர் எலியைச் சந்தேகப்பட்டான்.
பொறி வாங்கி வந்தான்.
அதில் கருவாடு வைத்தவள் நான்.

கண்டுபிடித்தது பல் டாக்டர்.
கூசுகிறது என்றுதான் போனேன்.
சின்னக் கண்ணாடியை உள்ளே விட்டு
முன்பற்களின் முதுகை ரொம்ப நேரம் பார்த்தார்
டாக்டர் ஃபர்ஹானா.
மிஸ்ஸியை வெளியே அனுப்பிவிட்டு
மலாயில், தாழ்ந்த குரலில் கேட்டார்:
சாப்பிட்டது தங்குகிறதா, அக்கா?
வாய் நிறையப் பஞ்சு.
பொய்க்கு இடமில்லை.

பிறகு சுங்கைப் பட்டாணி, பெரிய ஆஸ்பத்திரி.
ரத்தம் எடுத்தார்கள்; உப்புகள் இறங்கினால்
இதயம் தாளம் தப்புமாம்.
தினம் ஒரு மாத்திரை.
வாரம் ஒரு மணி நேரம் மிஸ் சியூ லிங்.
இது கெட்ட பழக்கமில்லை, நோய் என்றார்.
முதல் நாளே சொன்னார்.
என் காதில் விழ ஐந்து வாரம் ஆனது.

வாயைக் கட்டு என்பார்கள் என்று நினைத்துப் போனவளிடம்
சாப்பிடு என்றார்கள்.
மணி பார்த்துச் சாப்பிடு.
மூன்று வேளை, இடையிடையே சிற்றுண்டி,
தோன்றினாலும் தோன்றாவிட்டாலும்.
பகலெல்லாம் கட்டிப்போட்ட நாய்தானே
இரவில் அறுத்துக்கொண்டு வருகிறது.

வீட்டுத் தராசை எடுத்துவிடச் சொன்னபோது
சிரித்துவிட்டேன்.
மிஸ், நான் பிழைப்பதே தராசில்.
லோரியை நிறு, என்றார். உன்னை வேண்டாம்.

ஞானசேகரிடம் சொன்ன இரவு
அவன் ஒன்றும் பேசவில்லை.
எழுந்துபோய் எலிப்பொறியைக்
குப்பையில் போட்டான்.
அன்றிலிருந்து இரவுச் சாப்பாடு முடிந்ததும்
என் பக்கத்தில் உட்கார்ந்து துணி மடிக்கிறான்.
ஒரு சட்டைகூட ஒழுங்காக மடிக்கத் தெரியாது.
நான் திருத்துவதில்லை.

தீபாவளிக்கு மூன்றாம் நாள்
முறுக்கு டின்னோடு விழுந்தேன்.
நோட்டில் எழுதினேன், எழுத்து கலைந்தது.
மிஸ் படித்துவிட்டு மூடி வைத்தார்.
திங்கட்கிழமையிலிருந்து சரியாக இருக்கிறேன், என்றேன்.
திங்கட்கிழமை எதற்கு?
அடுத்த வேளை எத்தனை மணிக்கு?

நாலரைக்கு.
எடைமேடை மேசையில்
ஒரு பிசாங் கோரேங், ஒரு தேத்தண்ணி.
தொண்டையில் ஒவ்வொரு வாயும்
கேட் தாண்ட யோசிக்கிறது.
வெளியே ஆ செங் லோரியை நிறுத்திவிட்டு
சன்னலைத் தட்டுகிறான்.
எங்களிடம் கற்ற ஒரே தமிழ் வார்த்தை
அவனுக்கு எல்லா நேரத்துக்கும் பொருந்தும்:
பசியாறியாச்சா?

ஆறிக்கிட்டு இருக்கு, என்கிறேன்.

தேத்தண்ணியைச் சொன்னதாக நினைத்து
அவன் தலையாட்டுகிறான்.