இடக்கை முடிச்சு

மே மாதம். சத்துவாச்சாரியில் நாலாவது நாளாக
மதியம் இரண்டுக்குக் கரண்ட் போகிறது.
விரித்த பாயில்
உன் பனி கிடக்கிறது, இரண்டு வரிசையாக.

பட்டியலை நீ படிக்கிறாய். நான் எடுத்து வைக்கிறேன்.
‘புயலில் வண்டி நின்றால்
மூன்று நாள் உயிரோடிருக்க’ என்று தலைப்பு.
அதைத் தாண்டி
‘மெழுகுவர்த்தி ஆறு’ என்று ஆரம்பித்தாய்.
கவனித்தேன்.

ஆறும் வெக்கையில் வளைந்துவிட்டன.
ஈரத்துணி சுற்றிப் பானையடியில் வைத்தேன்.
அங்கே போனால் கல்லாகிவிடும் என்கிறாய்.

விசில், பிளாஸ்டிக்.
இரும்பு என்றால் உதட்டில் ஒட்டிக்கொள்ளுமாம்,
பிய்த்தால் தோலோடு வருமாம்.
தீப்பெட்டி குடியாத்தத்துச் சரக்கு.
குச்சிகளை மெழுகில் தோய்த்து
மூன்று டப்பாவில், மூன்று இடத்தில்.
‘ஒன்று தொலைந்தால் இன்னொன்று’ என்றாய்.
மூன்றாவது எதற்கென்று நான் கேட்கவில்லை.

தண்ணீர் பாட்டிலைத் தலைகீழாக வைத்தாய்.
செர்லின் சிரித்தாள்.
உறைவது மேலிருந்து தொடங்குமாம்;
வாய் கீழே இருந்தால் கடைசி மடக்கு மிஞ்சுமாம்.
அவள் சிரிப்பு பாதியில் நின்றது.

ஆற்காட்டு மக்கன் பேடா பட்டியலில் இல்லை.
கொழுப்புதான் அங்கே விறகு என்று சொன்னது யார்?
பாகை வடித்து, எட்டு வைத்தேன்.

ராணிப்பேட்டையில் பதினோரு வருஷமாகக் கையுறை தைக்கிறேன்,
விரலுக்கொரு அறை.
இது வேறு. கட்டை விரலுக்குத் தனி,
மற்ற நாலுக்கும் சேர்த்து ஒன்று.
ஒட்டிக் கிடந்தால்தான் சூடாம்.
கஸ்பாவில் நாம் படுத்த ஒற்றை அறை நினைவுக்கு வந்தது.
அங்கே யாருக்கு வேண்டியிருந்தது சூடு.

‘கண்ணைக் கட்டு’ என்றாய். துண்டால் கட்டினேன்.
கையுறையோடு பையைத் திறந்து
தீ பற்றவைக்க வேண்டும்.
ஜிப்பின் நாக்கு உன் கைக்கு அகப்படவே இல்லை.
பழைய லுங்கிக் கரையைக் கிழித்து
ஒவ்வொரு ஜிப்புக்கும் ஒரு வளையம் கட்டினேன்.
முதலில் இரண்டு நிமிஷம். அப்புறம் ஒன்றேகால்.
ஏழாவது தடவை நாற்பது நொடி.
முழங்கை வழியாக வேர்வை பட்டியலில் சொட்டியது,
அதுவும் ‘வேர்க்காமல் பார்த்துக்கொள்,
ஈரமானதெல்லாம் உறையும்’
என்கிற வரியில்.
ரெண்டு பேரும் சிரித்தோம். கொஞ்சம் அதிகமாகவே.

ஜெனரேட்டர் பார்க்கத்தான் போகிறாய்.
இருபதடி தள்ளி ஷெட், கயிறு கட்டியிருக்கும்,
பிடித்துக்கொண்டு நடந்தால் போதும் என்கிறாய்.
இருபதடிக்கு எதற்குக் கயிறு?

தண்ணி லாரி ஹாரன் அடித்தது.
குடத்தோடு ஓடிப்போய்
வரிசையில் நின்று, சண்டை போட்டு, திரும்பி வந்தபோது
பையை மூடியிருந்தாய்.

அதன் வாயில் நான் ஒரு முடிச்சுப் போட்டேன்.
கம்பெனியில் மூட்டைக்குப் போடுவது.
கையுறையோடு இழுத்தாலும் ஒரே இழுப்பில் அவிழும்.
ஆனால் நான் இடக்கைக்காரி.
திரும்பப் போட உனக்கு வராது.

பதினாறு மாசம் கழித்துக்
காட்பாடியில் நீ இறங்கும்போது
முகத்தை அப்புறம் பார்க்கிறேன்.
முதலில் முடிச்சு.