மூவாயிரத்துக்கு மேல்

கரையில் கட்டியிருக்கும்வரை இதைப்போல் உத்தமம் கிடையாது.
சாவியைத் திருப்பியதும் பிடிக்கும்.
எட்டு சிலிண்டரும் கொதிக்கும் எண்ணெயில் வடைபோல
ஒரே சுதியில் முணுமுணுக்கும்.
முகத்துவாரம் பார்த்து வேகம் கொடுத்தால்தான்
மூவாயிரத்துக்கு மேல் ஏறாமல்
இருமும், தும்மும், மூக்கைத் தாழ்த்தும்.
அது கிளப்பிய அலையே பின்னால் வந்து
அதைத் தள்ளிவிட்டுப் போகும்.

காட்டுக்குப்பம் துளசிங்கம் இதைக்
கோவளம் பக்கம் ஏதோ கிளப் மூடும்போது
இரும்பு விலைக்கு ஏலம் எடுத்தார்.
யார் யாரோ கயிற்றைப் பிடித்துக்கொண்டு
பலகைமேல் நின்று தண்ணீரில் சறுக்கிய படகு.
அந்தக் கயிறு கட்டிய கம்பத்தில் இப்போது
அவர் சட்டை காய்கிறது.
வாரம் இருமுறை கல்லூரிப் பிள்ளைகள் வந்து
எண்ணூர் கழிமுகத்தைப் பாட்டிலில் அள்ளிப் போகிறார்கள்.
அந்த வாடகைதான் வருமானம்.

போன மாதம் பாலத்தடியில் நின்றுவிட்டது.
நண்டு வலைக்காரர் ஒருவர் இழுத்துவந்தார்.
"ஸ்பீடு போட்டத் துடுப்பு போட்டு இட்டாந்தேன்" என்று
திருவொற்றியூர்வரை சொல்லி முடித்துவிட்டார்.

நான் காசிமேட்டில் டீசல் பார்க்கிறவள்.
"பெட்ரோல் வண்டி பாப்பியா?" என்றார் துளசிங்கம்.
தெரியாது என்கிற சொல் எனக்குச் சரியாக வராது.

எட்டு பிளக்கையும் கழற்றி
செய்தித்தாளில் வரிசையாக வைத்தேன்.
எட்டும் வெளுத்திருந்தன.
கறுத்திருந்தால் தின்றது அதிகம்,
வெளுத்திருந்தால் பட்டினி.
சரி, பசிக்கிறது. சோறு எங்கே தடைபடுகிறது?

கார்புரேட்டரைப் பிரித்து
ஊசி நுழையாத துளைகளில் காற்றடித்தேன்.
பில்டரை அறுத்துப் பார்த்தேன், சுத்தம்.
குழாயை மடக்கிப் பார்த்தேன், விரிசல் இல்லை.
அப்படியானால் பம்பு.
புதுப்பேட்டையில் கார் பம்பு ஒன்றை நீட்டி
"ரெண்டும் ஒண்ணுதான்கா" என்றான் ஒரு பையன்.
ஒன்றில்லை.
காரில் கசிந்தால் ரோட்டில் சொட்டும்.
படகில் கசிந்தால் அடிவயிற்றில் ஆவி கட்டும்,
ஒரு பொறிக்காகக் காத்திருக்கும்.
படகுக்கான பம்பு வர ஒன்பது நாள்,
ஆறாயிரத்து நானூறு ரூபாய்.

மாட்டிக்கொண்டு போனோம்.
அதே பாலம். அதே இருமல்.
துளசிங்கம் என்னைப் பார்க்கவில்லை,
அனல்மின் நிலையத்துப் புகைபோக்கியைப் பார்த்தார்.

வேறு வேலை தோன்றாமல்
பெட்ரோல் இருக்கிறதா என்று டேங்க் மூடியைத் திறந்தேன்.
உஸ்ஸ்ஸ் என்று
நெடுநேரம் முங்கி எழுந்தவன்போல
அது மூச்சை உள்ளே இழுத்தது.
மூடியைக் கையில் வைத்துக்கொண்டே
"இப்ப போடுங்க" என்றேன்.
மூவாயிரம். மூவாயிரத்து ஐநூறு.
நாலாயிரத்து இருநூறு.
பின்சீட்டில் பாட்டில்கள் உருண்டன.
மூடினோம். பத்து நிமிஷத்தில் மறுபடி இருமல்.

வெளிப்பக்கம், கயிற்றுக்கு மறைவில்,
சுண்டுவிரல் நுனி அளவு ஒரு துளை.
உறிஞ்சிய பெட்ரோலுக்கு ஈடாகக் காற்று நுழையும் வழி.
அதைப் பூசி அடைத்திருந்தது ஒரு குளவி.
செம்மண்ணில் இல்லை,
கரையில் படியும் சாம்பலைக் குழைத்து
சிமெண்டு நிறத்தில் கூடு.
ஸ்க்ரூடிரைவரால் நெம்பினேன்.
உள்ளே ஐந்து சிலந்திகள்,
சாகாமலும் அசையாமலும்,
அவற்றின்மேல் அரிசி நொய்போல ஒரு புழு.

தண்ணீர் அள்ள வந்த ஜெல்சன்
அத்தனையையும் ஒரு பாட்டிலில் வாங்கிக்கொண்டான்.
இடம், தேதி எழுதினான்.
'மாதிரி வகை' என்ற கட்டத்தில்
பேனா நின்றுவிட்டது.

துளைக்கு டீ வடிகட்டி வலையை வெட்டி ஒட்டினேன்.
அன்று மாலை வரை ஒரு குளவி
அந்த இடத்தையே சுற்றிச் சுற்றி வந்தது.

மறுநாள் முகத்துவாரம் தாண்டி
முழு வேகத்தில் பறக்கும்போது,
இரைச்சல் காதை அடைத்த நேரமாகப் பார்த்து
துளசிங்கத்திடம் சொல்லிவிட்டேன்:
"பழைய பம்பு நல்லாத்தான் இருந்துச்சு."

"இன்னா?" என்றார்.