சாய்வு எட்டு சதவீதம்

பழவந்தாங்கல், மூன்றாவது மாடி.
பின்சக்கரம் கழற்றி இரும்பு மேடையில் பூட்டிய சைக்கிள்,
முன்சக்கரத்துக்கு முட்டாக
ஒரு பழைய டெலிபோன் டைரக்டரி.
இதுதான் அடிவாரம்.

எட்டாயிரத்து எண்ணூற்று நாற்பத்தெட்டு மீட்டர்
ஏற வேண்டும், இடையில் தூங்காமல்,
ஓர் அங்குலம்கூட நகராமல்.
திரையில் சாலை நிமிர்ந்தால்
காலடியில் மிதி கனக்கும். அவ்வளவுதான் ஏற்பாடு.
ஜன்னலில் தெரிகிற பரங்கிமலையை
ஒன்றன்மேல் ஒன்றாக நூறு அடுக்கினால்
கணக்கு ஏறக்குறைய சரியாக வரும்.

நான் லிஃப்ட் பழுது பார்ப்பவள்.
ஓ.எம்.ஆர். கண்ணாடிக் கட்டடங்களின்
இருட்டுக்குழிக்குள் தலையை நீட்டி
கம்பிக்கயிற்றின் தேய்மானம் அளந்து
பதினெட்டு மாடிக்கு ஊரை ஏற்றி இறக்குகிறவள்.
ஹெல்பர் சற்குணம் கேட்டான்:
"லிஃப்ட் போடற ஆளே இப்படி ஏற ஆரம்பிச்சா
நம்ம கம்பெனி என்னக்கா ஆவறது?
ஆமா, எதுக்கு இதெல்லாம்?"
முதல் கேள்விக்குச் சிரித்தேன்.
இரண்டாவதற்கு ஸ்பேனரைத் தேடினேன்.

கத்திரி வெயிலில் தொடங்கிய பயிற்சி.
இரண்டு மின்விசிறி, இரண்டும் வெந்நீர் வீசின.
ஒரு மணி நேரத்தில் ஒரு கிலோவுக்கு மேல் குறைந்தேன்,
அத்தனையும் கீழே விரித்த கோணியில் இருந்தது.
கறுப்புச் சட்டையில் உப்பு
வெள்ளைக் கோடு கோடாகக் காய்ந்தது.
உட்காருமிடத்தில் ஒரு கொப்புளம்.
யாரிடமும் காட்ட முடியாத இடத்தில்
மலை எனக்குக் கொடுத்த முதல் கல்.

எந்த மணிக்கு எதைத் தின்பது என்பது தனிப் படிப்பு.
மூன்றாம் மணியில் பொடி இட்லி இறங்கியது.
எட்டாம் மணியில் அதே இட்லி
தொண்டையில் உட்கார்ந்துகொண்டு எழ மறுத்தது.
கடலைமிட்டாய் பல்லில் ஒட்டி அழவைத்தது.
ரசம் மட்டும் ஒருநாளும் ஏமாற்றவில்லை.
ஆகவே இரண்டு பாட்டிலில் தண்ணீர்,
மூன்றாவதில் ரசம்.
தம்பி எட்வின் ஊற்றித் தருவான்,
முகத்தைச் சுளித்துக்கொண்டு.

எல்லாம் முடிந்தது என்று நினைத்தபோது
மின்வாரியத்திலிருந்து குறுஞ்செய்தி.
பராமரிப்புப் பணி, சனிக்கிழமை,
காலை ஒன்பது முதல் இரண்டு வரை.
இன்வர்ட்டரை நம்பி மலை ஏற முடியாது.
புறப்பாட்டை முன்னால் இழுத்தேன்:
வெள்ளி நண்பகல் தொடக்கம்,
மார்கழி ஒலிபெருக்கி அலறும் நாலரைக்கு
ஏழாயிரத்தில் இருக்க வேண்டும்,
ஒன்பதுக்குள் உச்சி.
அங்கே ஒரு வசதி, இறங்க வேண்டியதில்லை.
மின்சாரம் போனால் போதும்.

கடைசி வாரம் ஓய்வு.
காலைச் சுவரில் சாய்த்துச் சும்மா கிடப்பதும் பயிற்சிதானாம்.
தலைக்குமேல் விமானங்கள் ஒவ்வொன்றாய் இறங்கின.
மூன்றாம் இரவு கீழ்வீட்டு ஷம்ஷாத் கதவைத் தட்டினாள்.
ஆறு மாதமாய் எதிர்பார்த்த சண்டை.
சத்தத்துக்கான மன்னிப்பை
நாக்கு நுனியில் வைத்துக்கொண்டு திறந்தேன்.
அவள் தோளில் குழந்தை, முகமெல்லாம் வாயாக.
"ஏன்க்கா நிறுத்திட்டீங்க?
ம்ம்ம்முன்னு மேலேர்ந்து ஒண்ணு வருமே,
அது இல்லாம மூணு நாளா இவன் தூங்கல."

அன்றிலிருந்து இரவு ஒன்பதரைக்கு
சாய்வைப் பூஜ்யத்தில் வைத்து
நைட்டியோடு, செருப்புக்காலோடு
இருபது நிமிடம் மிதிக்கிறேன்.
தரைக்கு அடியில் அழுகை
விக்கலாகி, விக்கல் இடைவெளியாகி, பிறகு இல்லை.
ஏறிய உயரம்: சுழியம்.

இன்று வியாழன். துண்டுகள் எட்டு,
வாசலின் ஒரு டப்பா, உப்பு தடவிய உருளைக்கிழங்கு.
படியிறங்கிப் போய் ஷம்ஷாத்திடம் சொன்னேன்,
நாளைக்குப் பகல் பன்னிரண்டிலிருந்து
இருபத்தொரு மணி நேரம் ஓடும் என்று.
"அவ்ளோ நேரமா?" என்றாள்.
விரல்விட்டு எண்ணினாள். கண்ணைக் கசக்கினாள்.
"அப்ப நானும் தூங்கிக்கறேன்" என்றாள்.